நூறு விழுக்காடு நலம்

எங்கள் பள்ளி ஆசிரியர்கள் அனைவரும் நலமாக இருக்கிறார்கள். இது நான் சொல்வதல்ல, கணினி சொல்வது. ஆண்டுக்கு இரண்டு முறை கேட்கிறார்கள், இரண்டு முறையும் நாங்கள் நூறு விழுக்காடு நலம். அந்த நூறில் ஒரு பங்கை உட்கார்ந்து தட்டிப் போட்டவள் நான். ஆகவே இதை எழுதும்போது எரிச்சல் தெரிந்தால், முதலில் அது என் மீதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன்.

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி எங்களுடையது. பிள்ளைகள் நூறுக்கும் குறைவு, ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர். பெரிய பள்ளிக்கு வரும் அத்தனை சுற்றறிக்கையும் எங்களுக்கும் வரும். அங்கே அறுபது பேர் பங்கு போட்டுக்கொள்ளும் வேலையை இங்கே பன்னிரண்டு பேர் தலையில் கட்டுவார்கள். நான் ஐந்தாம் ஆண்டுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பவள். அது போக நூலகம், பாடநூல் இரவல், கணினிப் பொறுப்பு. இவ்வளவும் போதாது என்று ஒருநாள் ‘ஆசிரியர் நலப் பொறுப்பாளர்’ என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஆசிரியர்களுக்கு வேலைப்பளு அதிகமாகி மன அழுத்தம் கூடிவிட்டதாம், அதைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆசிரியர் வேண்டுமாம். கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்குத் தலை வலித்தது.

கணினிப் பொறுப்பு என்றால் எங்கள் பள்ளியில் ஒரு நோட்டுப் புத்தகம். பழுப்புத் தாளில் அட்டை போட்ட, பிள்ளைகள் எழுதும் சாதாரண நோட்டு. பக்கத்துக்கு ஓர் ஆசிரியர். அவருடைய அடையாள அட்டை எண், எந்தத் தளத்துக்கு எந்தக் கடவுச்சொல், எல்லாம் அதில் இருக்கும். முன்பு ஆசிரியர் அறையில் ஒரே ஒரு கணினிதான் உருப்படியாக வேலை செய்தது. பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்று பொழுதை வீணாக்குவானேன் என்று, ஓய்வாக இருக்கும் ஒருவர் உட்கார்ந்து எல்லாருக்கும் சேர்த்துத் தட்டிவிடுவார். இப்போது ஆளுக்கொரு மடிக்கணினி வந்துவிட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. ஒருவர் பாடத்தில் இருக்கும்போது இன்னொருவர் அவருக்காக வருகைப் பதிவைப் போட்டுவிடுவார், தேர்வுப் புள்ளிகளை ஏற்றிவிடுவார். யாரும் அதைத் தவறு என்று நினைத்ததில்லை. எங்களுக்குள் இருந்த ஒட்டுறவுக்கு அதுவே அடையாளம் என்றுகூட நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

முதலாம் ஆண்டு வகுப்பாசிரியை கடலுக்கு அக்கரையில் உள்ள சுங்கை பாக்காப்பிலிருந்து வருகிறவள். என்னைவிடப் பதினாறு வயது இளையவள், ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் மேசை. காலை ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால்தான் பாலத்தில் நெரிசல் ஆரம்பிப்பதற்குள் தீவுக்கு வந்து சேர முடியும். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கண் விழிக்கும்போது அம்மா பாலத்தின் மேல் இருப்பாள். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றல் கேட்டு ஐந்து தடவை விண்ணப்பித்து, ஐந்து தடவையும் இடமில்லை என்று பதில் வந்தது. நான் சுங்கை பினாங் அடுக்குமாடியிலிருந்து பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறவள். அவள் முன்னால் நான் தூக்கம் வருகிறது என்று கொட்டாவி விடக்கூடக் கூச்சப்படுவேன்.

நல்ல ஆசிரியை. ஜனவரியோ மார்ச்சோ, பள்ளி தொடங்கும் மாதத்தை அரசாங்கம் எப்படி மாற்றினாலும், முதல் வாரம் அழுதுகொண்டு வரும் ஏழு வயதுப் பிள்ளைகள் இரண்டாம் வாரம் அவள் பின்னால் கோழிக்குஞ்சு போல நடக்கும். ஆனால் பிள்ளை வாசித்தால் மட்டும் போதாதே. வாசிப்பதைப் படம் எடுக்க வேண்டும், படத்தை ஒரு பக்க அறிக்கையில் ஒட்ட வேண்டும், அறிக்கையை மூன்று இடத்தில் ஏற்ற வேண்டும். அவளுக்கு வகுப்போடு உணவுத் திட்டம், கூட்டுறவுக் கடை, போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் வேலை. யார் எதைக் கேட்டாலும் “சரி டீச்சர்” என்பாள். அப்படிச் சொல்கிறவர்கள் மேல்தான் எல்லாரும் ஏறி உட்காருவோம்.

அந்த ஆண்டு நடுவில் அவளிடம் மாற்றம் தெரிந்தது. தெரிந்தது என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு எல்லாரும் ‘எங்களுக்குத் தெரியவே தெரியாதே’ என்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது. காலையில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் பத்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். கொண்டுவந்த சாப்பாடு திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பும். ஒருநாள் தன் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பெயர் வாயில் வராமல் கதவருகே நின்று திணறினாள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனாலும் நான் கேட்கவில்லை. ஆசிரியர் நலப் பொறுப்பாளருக்கு அன்று பாடநூல் எண்ணிக்கை முடிக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் அந்த மனநலக் கேள்விப் படிவம் வந்தது. முப்பது சொச்சம் கேள்விகள். தூக்கம் எப்படி, பசி எப்படி, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, இப்படிப் போகும். கடைசியில், ஆலோசகரைச் சந்திக்க விரும்புகிறீர்களா என்று ஒரு கேள்வி. நல்ல எண்ணத்தோடு யாரோ உருவாக்கியதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து தினமும் வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று இருக்காது. எந்தப் பள்ளியில் எத்தனை பேர் நிரப்பிவிட்டார்கள் என்றுதான் இருக்கும். எல்லாரும் முடித்த பள்ளி பச்சை, ஓர் ஆள் பாக்கி இருந்தாலும் சிவப்பு.

வழக்கம்போல நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பாதிப் பேர் “நீங்களே போட்டுருங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டார்கள். எல்லாக் கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை’. ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அவள் மட்டும் என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, என்னோடத மட்டும் தொடாதீங்க. அத நானே போடறேன்.”

“அதுல போட என்னா இருக்கு? எல்லாத்துக்கும் இல்லைன்னு தட்டிட்டுப் போ லா.”

“இல்லக்கா. இந்த வாட்டி உண்மையப் போடலாம்னு பாக்கறேன்.”

அவளுடைய தோழி ஒருத்தி அக்கரையில் வேறு பள்ளியில் வேலை செய்கிறாள். போன தடவை அவள் உள்ளதை உள்ளபடி நிரப்பியிருக்கிறாள். ஆலோசகரே கூப்பிட்டுப் பேசி, மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து, மருத்துவர் அறிக்கையை வைத்துப் பாதி வேலைகளைக் குறைத்து, கடைசியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே மாற்றலும் கிடைத்துவிட்டதாம். “நானா போயி ஆஸ்பத்திரில நின்னா, இங்க எல்லாரும் என்னா பேசுவாங்க? அவங்களா கூப்ட்டா வேற மாதிரிக்கா,” என்றாள். பெரிய ரகசியத்தைச் சொல்வது போல மெல்லச் சொன்னாள். நானும் சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் அவள் கதை சொல்லும் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேறொரு பள்ளிக்குப் போய்விட்டாள். பகல் ஒரு மணிக்குத் தலைமையாசிரியை என் மேசைக்கு வந்தார். மோசமானவர் அல்ல. மேலேயிருந்து வரும் ஏச்சை வாங்கி வாங்கி ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்.

“டீச்சர், ஒரே ஒரு பேர் பாக்கி. இன்னும் நம்ம ஸ்கூல் மட்டுந்தான் செகப்பு. ரெண்டு மணிக்கு எனக்கு மீட்டிங். அங்க பெரிய ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டுவாங்க, தெரியும்ல?”

“அவங்க தானே போடறேன்னு சொன்னாங்க, டீச்சர். இன்னைக்கு இங்க இல்ல.”

“நோட்டு உங்ககிட்டதான இருக்கு?”

அவளுக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. போட்டி நடக்கும்போது போனை அணைத்து வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தலைமையாசிரியை நகராமல் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. நான் நோட்டில் அவள் பக்கத்தைத் திருப்பினேன். அவள் முதன்முதலில் பாடம் நடத்திய வகுப்பின் பெயர் மல்லிகை, அதையே கடவுச்சொல்லாக வைத்திருந்தாள். தூக்கம், ஒருபோதும் பிரச்சினை இல்லை. அழுகை, ஒருபோதும் இல்லை. ஆலோசகரைச் சந்திக்க விருப்பம், இல்லை. அனுப்பு என்று அழுத்தியதும் திரையில் வாழ்த்து வந்தது, நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று. ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப் குழுவில் எங்கள் பள்ளி பச்சையானது. ‘தஹ்னியா’ என்று பாராட்டும் கைதட்டும் படங்களுமாகக் கொட்டின. நானும் ஒரு கட்டைவிரலை உயர்த்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அடுத்த நாள் காலை அவள் மடிக்கணினியோடு என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, நான் இன்னும் போடவே இல்ல. முடிஞ்சிருச்சின்னு காட்டுது.”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. “சிஸ்டம் லா,” என்றேன். “சில நேரம் அப்படித்தான், போன வாட்டி போட்டதையே எடுத்துக்கும்.”

அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “அடுத்த வாட்டி எப்பக்கா வரும்?”

“ஆறு மாசத்துல வரும்.”

“ஓ,” என்று சொல்லிவிட்டு மடிக்கணினியை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஆசிரியர் நல முகாம். அதையும் நான்தான் ஏற்பாடு செய்தேன். சூலியா தெருப் பக்கம் ஒரு கடையில் பேனர் அடித்தோம், ‘மகிழும் ஆசிரியர், மலரும் பள்ளி’ என்று. எல்லாருக்கும் ஊதா நிறத்தில் டீ-சட்டை. வாரம் முழுக்க வேலை செய்து களைத்தவர்களை விடுமுறை நாளில் வரவழைத்து, களைப்பைப் போக்க ஒரு மணி நேரம் ஆட வைத்தோம். வராதவர்கள் காரணக் கடிதம் கொடுக்க வேண்டும். பிறகு ஒரு பேச்சாளர் வந்து மன அழுத்தம் என்பது நம் கையில்தான் இருக்கிறது என்றார். எங்கள் கையில் அப்போது நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் இருந்தது. ஆளுக்கொரு பலூன் கொடுத்து, கவலையை அதில் எழுதி ஊசியால் குத்தி வெடிக்கச் சொன்னார். டமார் டமார் என்று மண்டபமே அதிர எல்லாரும் சிரித்தார்கள். அவள் தன் பலூனை வெடிக்காமல் மடியில் வைத்திருந்தாள். அதில் ‘தூக்கம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு பக்க அறிக்கை எழுதும் முறை அந்த மாதம் அவளுடையது. ஞாயிறு மாலைக்குள் படங்களோடு அழகாகச் செய்து குழுவில் போட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாட வேளையில் அவள் வகுப்பைவிட்டு எழுந்து போனாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நேரே காருக்குப் போய், உள்ளே ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கின்றன, பிறகு நாற்காலி மேல் ஏறி விளையாடியிருக்கின்றன. ஒரு பெண் பிள்ளை விழுந்து தாடை கிழிந்துவிட்டது. மூன்று தையல். சத்தம் கேட்டு ஓடிய பிறகுதான் ஆசிரியை எங்கே என்று தேடினோம். நான்தான் காரின் கண்ணாடியைத் தட்டினேன். வியர்வையில் குளித்து உட்கார்ந்திருந்தவள், “இப்ப வந்திடறேன்கா, ரெண்டு நிமிசம்,” என்றாள். பிள்ளையின் அப்பா புகார் எழுதினார். நான் அவரிடத்தில் இருந்தாலும் எழுதியிருப்பேன்.

விசாரணைக்கு மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார், நம்மவர்தான். தலைமையாசிரியை அறையில் நால்வர் உட்கார்ந்தோம். நான் குறிப்பெழுத. அவள் தன்னால் முடியவில்லை என்று சொன்னாள். பல மாதமாகத் தூக்கமில்லை, கை நடுங்குகிறது, அன்று வகுப்பில் மூச்சு முட்டிப் பயந்துபோய்த்தான் வெளியே ஓடினேன் என்றாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“டீச்சர், நீங்க சொல்றத நம்பணும்னுதான் பாக்கறேன். ஆனா மூனு வாரத்துக்கு முன்னாடி நீங்களே நல்லா இருக்கேன்னு போட்டிருக்கீங்களே. ஆலோசகர் வேணாம்னும் போட்டிருக்கீங்க.”

“அத நான் போடல சார்.”

“பின்ன யாரு போட்டா?”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் குறிப்பேட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. பிறர் கடவுச்சொல்லைப் பயன்படுத்துவது குற்றம் என்று ஒரு சுற்றறிக்கை உண்டு, அதை அச்செடுத்து ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டியதே நான்தான். பணி ஓய்வுக்கு எனக்கு எட்டு ஆண்டு இருந்தது. ஒரு வாக்கியம் போதும், ‘நான் போட்டேன் சார்’ என்று.  அதைச் சொல்லாமல் எழுதினேன், ‘படிவத்தைத் தாம் நிரப்பவில்லை என்று ஆசிரியை கூறினார். அதற்குச் சான்று இல்லை.’ என் கையெழுத்து அழகாக இருக்கும், அன்றும் அழகாகத்தான் இருந்தது.

எச்சரிக்கைக் கடிதம் அவளுடைய கோப்பில் ஏறியது. ஒழுங்கு நடவடிக்கை உள்ளவருக்கு மாற்றல் இப்போதைக்கு இல்லை என்றார்கள். இரண்டு மாதம் அப்படியே வந்து போனாள், பிறகு வேலையை விட்டுவிட்டாள். முப்பத்தாறு வயதில், ஓய்வூதியமும் இல்லாமல். பிரியாவிடைக்குத் தேநீரும் கேக்கும் வைத்தோம். படம் எடுத்தோம். ஒரு பக்க அறிக்கையை நான் செய்து குழுவில் போட்டேன்.

இந்த ஆண்டு மறுபடி அந்தப் படிவம் வந்தது. பட்டியலைத் திறந்தால் எங்கள் பள்ளியின் கீழ் அவள் பெயர் இன்னும் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் முடித்தும் பள்ளி சிவப்பிலேயே நின்றது.

“பேர எடுக்கச் சொல்லி மூனு லெட்டர் போட்டாச்சி, இன்னும் எடுக்கல,” என்றார் தலைமையாசிரியை. “நீங்களே போட்டுவுட்ருங்க டீச்சர். ஒரு நிமிச வேல.”

“நான் போட மாட்டேன் டீச்சர்.”

முப்பது ஆண்டுப் பணியில் மேலதிகாரியிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று வீட்டுக்குப் போகும்போது நிமிர்ந்து நடந்தேன் என்றுகூடச் சொல்லலாம். என்னமோ கிழித்துவிட்டது போல.

மறுநாள் காலை குழுவைத் திறந்தேன். எங்கள் பள்ளி பச்சை. நூறு விழுக்காடு. கைதட்டும் படங்கள். யார் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் யாரும் சொல்லவும் போவதில்லை. நோட்டு எப்போதும் இருக்கும் அலமாரியில் அப்படியே இருந்தது. போட மாட்டேன் என்று வீராப்பாகச் சொன்னேனே ஒழிய, அவள் பக்கத்தைக் கிழித்துப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று ஓய்வு நேரத்தில், முன்பு அவள் கார் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டு அவளுக்குப் போன் செய்தேன். வேலையை விட்ட பிறகு நான் அவளை அழைத்ததே இல்லை. சுங்கை பாக்காப்பில் வீட்டிலேயே நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதாகச் சொன்னாள். மருந்து சாப்பிடுகிறாளாம், இப்போது தூங்குகிறாளாம். “நீங்க எப்டி இருக்கீங்கக்கா?” என்று கேட்டாள். நல்லா இருக்கேன் என்று என் வாய் தானாகச் சொன்னது. பிறகு சொல்லிவிட்டேன். அந்தப் படிவத்தைப் போட்டது நான்தான், சிஸ்டம் இல்லை என்று.

 அந்தப் பக்கம் ஏதோ ஒரு பிள்ளை வாய்ப்பாடு சொல்வது கேட்டது.

“தெரியும்க்கா. நீங்க சிஸ்டம்னு சொன்னப்பவே தெரியும்,” என்றாள். “அதுகூடப் பரவால்லக்கா. அன்னைக்கு அந்த ரூம்ல நான் ஆபீசர பாக்கவே இல்ல. நீங்க இப்ப சொல்லுவீங்க, இப்ப சொல்லுவீங்கன்னு உங்களத்தான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க.”

ஓய்வு முடிந்ததற்கு மணி அடித்தது. அது அவளுக்கும் கேட்டிருக்கும். “கிளாஸுக்குப் போங்கக்கா, பிள்ளைங்க தனியா இருக்கும்,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.